கைத்தட்டே காலக்குறி

1967 ஜூனில், கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில் ரவிசங்கரின் சிதாரையும் அல்லா ரக்காவின் தபலாவையும் டி. ஏ. பென்னிபேக்கரின் குழு பல கேமராக்களில் படமாக்கியது. அக்காலப் படப்பிடிப்பில் ஒலி தனி நாடாவில் பதிவானது. குவார்ட்ஸ் படிகம் கேமராக்களின் ஓட்டவேகத்தை ஒன்றாக்கியது. ஆயினும் தொடக்கப்புள்ளியை ஒன்றாக்கவில்லை. கச்சேரியின் நடுவே கிளாப் பலகை தட்டவும் இயலாது.

தாளத்தைக் கொண்டு பொருத்தலாமெனில், அது சுழல்வது. ஓர் ஆவர்த்தனம் பிசகினாலும் பொருந்தியதுபோலவே தோன்றும். இன்றைய மென்பொருள் ஒவ்வொரு கேமராவின் ஒலியையும் ஒப்பிட்டுப் பொருத்துகிறது. பாலக்காட்டின் நென்மாறா-வல்லங்கி வேலா போன்ற திறந்தவெளிப் பஞ்சவாத்தியத்தில் இம்முறை தவறலாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். 34 மீட்டர் தொலைவிலுள்ள கேமராவை 0.1 நொடி தாழ்ந்தே அடையும். நொடிக்கு 25 சட்டகம் எனில், ஒலி பொருந்தியபின்னும் காட்சி இரண்டரைச் சட்டகம் விலகும்.

அவ்விலகலைக் கலைஞரின் காலப்பிரமாணமாக ஆய்வாளர் அளந்துவிடக்கூடும். எனவே ஒலியலையைவிட, இலத்தாளத்தின் இரு தட்டுகளும் மோதும் சட்டகமே நம்பத்தக்க சான்று. ஆவணக் காப்பகங்கள் கேமராவின் தொலைவையும் பதிந்து வைத்தல் வேண்டும்.