சைவ வித்தியாசாலைகளும் அவற்றின் பொருள்நிலையும்

கல்வி கொடுத்தல் பேரறம் என்பது சைவ நன்மக்கள் யாவர்க்கும் உடன்பாடு. ஆயினும் அவ்வறம் இனிது நடைபெறுதற்குப் பொருள் வேண்டும். ஆசிரியர் உண்ணல் வேண்டும். மாணாக்கர் இருத்தற்கு இடம் வேண்டும். ஏடும் எழுத்தாணியும், பின்னாளில் அச்சுப் புத்தகமும் வேண்டும். இவற்றிற்குரிய பொருளை அளிப்பவர் யாவர், எவ்வகையால் அளிப்பர், அளித்தபின் எதனை எதிர்பார்ப்பர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாது தொடங்கப்பெற்ற கல்விச்சாலைகள் நெடுநாள் நிலைத்தல் அரிது. இவ்வுண்மை யாழ்ப்பாணத்துச் சைவ வித்தியாசாலைகளின் வரலாற்றில் வைத்து நன்கு அறியக் கிடக்கின்றது.

முதற்கண் பழைய முறை எத்தகையது என்பதனைச் சிறிது நோக்குதல் நலம். விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரம் என்னும் ஊரில் உள்ள திருமால் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. அக்கோயிலைச் சார்ந்து நிகழ்ந்த கல்லூரியில் இளமாணாக்கர் 270 பேரும், இலக்கணம், மீமாஞ்சை, வேதாந்தம் என்பன பயின்ற முதுமாணாக்கர் 70 பேருமாக 340 பேர் கற்றனர். இளமாணாக்கர் ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல்லும், முதுமாணாக்கர் ஒருவர்க்கு ஒரு குறுணி இரு நாழி, அஃதாவது 10 நாழி நெல்லும் வகுக்கப்பட்டன. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் அளவால் கணக்கிடின், மாணாக்கர்க்கு மாத்திரம் நாடோறும் 24 கலத்தின் மேற்பட்ட நெல் வேண்டியதாயிற்று. ஆசிரியர்க்கு வேறு நெல்லும் பொன்னும் உண்டு. இவையனைத்திற்கும் 45 வேலி நிலம் விடப்பட்டது.

இக்கணக்கில் அறியற்பாலது ஒன்றுண்டு. செலவு முன்னர் அளவிடப்பட்டது. அதன்பின் அச்செலவிற்குப் போதிய நிலம் விடப்பட்டது. ஆசிரியர் ஒருவரும் மாதந்தோறும் பிறர் கையை நோக்கி நிற்க வேண்டிற்றில்லை. நிலம் விளையுங்காறும் கல்வி நடக்கும் என்பதே அம்முறையின் உயிர்நிலை.

யாழ்ப்பாணத்தில் இம்முறை இடையறவுபட்டது. 1619-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் அரசைக் கைப்பற்றியபின் கோயில்கள் இடிக்கப்பட்டன. கோயில் அழியவே கோயிலைச் சார்ந்த அறங்களும் நிலைகுலைந்தன. 1658-ஆம் ஆண்டில் வந்த ஒல்லாந்தரும் தம் சமயத்தின் பொருட்டே பள்ளிகளை நடத்தினர். சைவக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் ஒதுங்கி, ஊரார் அளித்த நெல்லையும் சிறு காணிக்கையையும் பற்றிக்கொண்டு உயிர் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில, அமெரிக்கப் பாதிரிமார் வந்து, கடல்கடந்த நாட்டுச் சபையார் அனுப்பிய பொருளைக் கொண்டு ஊர்தோறும் பள்ளிகளை நிறுவினர். சம்பளமின்றிக் கல்வியும், சிலவிடங்களில் உணவும் உடையும் கிடைத்தமையால், சைவச் சிறார் பலர் அவற்றை நாடினர்.

எனினும் பிறர் பொருளால் நடக்கும் கல்வியின் நிலையாமை அப்பாதிரிமாருடைய பள்ளிகளிலேயே விளங்கிற்று. அமெரிக்க மிசியோன் சங்கத்தார் 1823-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் கற்பித்துப் பெரும்புகழ் எய்தியது. ஆனால் பொருள் அளித்தோர் பாஸ்டன் நகரத்துச் சபையார். அவர்தம் நோக்கம் கிறித்து சமயத்தைப் பரப்புதல். ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் தேடிச் செல்கின்றனர். மதம் மாறி ஊழியஞ் செய்வோர் சிலரே என்று கண்டு, 1855-ஆம் ஆண்டில் ரூபஸ் அண்டர்சன் முதலியோர் நேரில் வந்து ஆராய்ந்தபின், செமினரி மூடப்பட்டது. மாணாக்கர் குறைந்தமையால் மூடினாரல்லர். கல்வி இழிந்தமையாலும் மூடினாரல்லர். பொருளுடையார் கருத்து வேறாயிற்று, அவ்வளவே.

இதற்கு ஏழாண்டு முன்னரே நல்லூர் ஆறுமுகநாவலர் சைவர்க்கெனத் தனிப்பள்ளி வேண்டும் என்று துணிந்தனர். பார்சிவல் பாதிரியாரிடத்தில் ஆசிரியராயிருந்த அவர், அவ்வேலையை 1848-ஆம் ஆண்டில் விடுத்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தனர். மாதச் சம்பளம் பெற்ற ஒருவர் அதனைத் துறந்து, சம்பளம் வாங்காத பள்ளியை நடத்தப் புகுந்தார் என்பது சிந்திக்கற்பாலது. கைம்முதல் இல்லை, விட்ட நிலம் இல்லை, அரசினர் உதவி இல்லை. அவர்தம் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளை முதலியோர் ஊதியம் கருதாது உடனுழைத்தனர். செல்வர் சிலர் உதவினர்.

பொருள் தேடும் வழியில் நாவலர் கண்ட நுட்பம் அச்சியந்திரம் ஆகும். 1849-ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்ற அவர் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றதோடு, அச்சியந்திரமும் வாங்கி மீண்டனர். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை அமைந்தது. பாலபாடம், சைவ வினாவிடை முதலியன அவரால் வெளிவந்தன. பள்ளிக்கு வேண்டும் புத்தகம் அச்சகத்தில் உண்டாயிற்று. புத்தகத்தால் வந்த ஊதியம் அறத்திற்குப் பயன்பட்டது. கல்வியே கல்விக்குப் பொருள் தேடித் தந்தது என்று கூறுதல் மிகையாகாது. 1864-ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பட்டது.

ஆயினும் நாவலர் வரலாற்றில் தோல்வியும் உண்டு. அதனை மறைத்தலால் பயனில்லை. 1872-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அவர் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றனைத் தொடங்கினர். ஆங்கிலம் கற்றற்பொருட்டே சைவப்பிள்ளைகள் மிசியோன் பள்ளிகளை அடைந்தமையின், சைவர் சூழலில் ஆங்கிலமும் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மிகுதியான சம்பளம் கொடுத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளியைத் தாங்கிய சிறு பொருள் அதற்குப் போதாதாயிற்று. சில ஆண்டுகளே நடந்து, பொருட்குறைவால் அது மூடப்பட்டது. தமிழ்ப்பள்ளி நிலைத்தது, ஆங்கிலப் பள்ளி வீழ்ந்தது. நாவலரது ஊக்கம் இரண்டிற்கும் ஒன்றே, வேறுபட்டது செலவு. ஊக்கம் பொருளுக்கு ஈடாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இதற்கிடையில் அரசினர் முறையும் மாறிற்று. 1869-ஆம் ஆண்டில் இலங்கையில் கல்விப் பகுதி என்னும் தனித்துறை தோன்றி, தனியார் பள்ளிகட்கு உதவிப்பணம் அளிக்கும் ஏற்பாடு விரிந்தது. மாணாக்கர் பரீட்சையில் தேறிய அளவிற்கேற்பப் பணம் கொடுக்கப்பட்டது. எச்சமயத்தார் பள்ளியாயினும் பெறலாம் என்பது விதி. விதி யாவர்க்கும் பொதுவேயெனினும் பயன் பொதுவாயிற்றில்லை. கட்டடமும், பயின்ற ஆசிரியரும், பரீட்சைக்கு உரிய ஒழுங்கும் முன்னமே பெற்றிருந்தவர் பாதிரிமாரே ஆதலின், உதவிப்பணத்தின் பெரும்பகுதி அவர்பாற் சென்றது. முன்னரே ஒரு பள்ளி உள்ள இடத்திற்கு அணித்தாகப் புதிய பள்ளி ஏற்படின் அதற்கு உதவி இல்லை என்னும் தூரவிதியும் பின்னர்ச் சேர்ந்தது. இருபள்ளிக்கு வீண்செலவு செய்யலாகாது என்பது அரசினர் கூறிய காரணம்; அது வரவுசெலவு நோக்கில் தக்கதே. ஆனால் முன்னே வந்தவர் வேற்றுச் சமயத்தார் ஆதலின், பின்னே வந்த சைவர்க்கு அவ்விதி வாயிலடைத்த கதவாயிற்று. சிக்கனம் என்று எழுதப்பட்ட விதி, யார் பிள்ளை எச்சமயச் சூழலிற் கற்பது என்பதனைத் தீர்மானிக்கும் விதியாய் முடிந்தது.

இந்நிலையில் தனியொருவர் உழைப்பினும் கூட்டமாக உழைத்தலே தகும் என்பது உணரப்பட்டது. 1888-ஆம் ஆண்டில் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1889-ஆம் ஆண்டில் அதன் பத்திரிகை வெளிவந்தது. 1890-ஆம் ஆண்டில் அச்சபையார் முயற்சியால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. நாவலர் தாம் வாழ்ந்த நாளில் முடிக்க இயலாத ஆங்கிலக் கல்விப் பணி, அவர் சிவபதம் அடைந்து பதினோராண்டின் பின் சபையின் கைவழியாக முற்றுப்பெற்றது. மற்றொரு வழியைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் காட்டினர். 1913-ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பரமேசுவரக் கல்லூரியையும் தம் பொருளைக் கொண்டு அவர் நிறுவினர். பழைய சோழர் கால முறையை ஒருவாறு நினைப்பிக்கும் செயல் இதுவேயாம்.

கிராமங்கள்தோறும் சைவப்பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் 1923-ஆம் ஆண்டில் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தாற் பெரிதும் நிறைவேறிற்று. அதனை நடத்திய நியாயவாதி சு. இராசரத்தினம் அவர்கள், இந்துபோர்ட் இராசரத்தினம் என்றே வழங்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் அச்சங்கத்தின் கீழ் வந்தன. ஊரார் நிலம் கொடுத்தனர், பனைமரம் கொடுத்தனர், கிடுகு வேய்ந்தனர். அடுப்பேற்றுமுன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இட்டுவைக்கும் பிடியரிசி அறமும் இத்தகைய பணிகட்குத் துணைநின்றது. செல்வர் கொடை ஆண்டுக்கு ஒருமுறை வரும். பிடியரிசியோ நாடோறும் வரும். அதனினும் சிறந்தது, அரிசியிட்ட தாய் அப்பள்ளியைத் தன் பள்ளியென்றே கருதுவாள் என்பது.

புதிய பள்ளி ஒன்று உடனே உதவிப்பணம் பெறுதல் இல்லை. வேண்டும் மாணாக்கர் தொகையோடும் தகுதியுடைய ஆசிரியரோடும் நடந்து காட்டிய பின்னரே அரசினர் அதனை ஏற்பர். அவ்விடைக்காலத்தில் பள்ளியைத் தாங்கியவர் குறைந்த ஊதியத்திற்கு உழைத்த ஆசிரியர்களே. கட்டடத்தில் பெயர் பொறிக்கப்பட்டோர் பலர். அவ்வாசிரியர் பெயர் எக்கல்லிலும் காணப்படுவதில்லை. தகுதியுடைய சைவாசிரியரின்றி உதவிப்பணம் இல்லை என்பது கண்டே, 1928-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை ஏற்படுத்தப்பட்டது. கட்டடத்தின்முன் ஆசிரியரைத் தேடிய இத்துணிவு, அச்சங்கத்தார் செய்த செலவுகளுள் தலையாயது எனத் தகும்.

1945-ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களது திட்டத்தால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. திட்டத்திற் சேர்ந்த பள்ளிகளில் மாணாக்கரிடம் கல்விச் சம்பளம் வாங்கலாகாது. ஆசிரியர் ஊதியம் அரசினர் பொறுப்பு. ஏழைச் சிறார்க்கு இது பெருநன்மை; நாவலர் 1848-ஆம் ஆண்டில் தொடங்கிய சம்பளமில்லாக் கல்வி நாடெங்கும் பரந்தது என்று மகிழ இடமுண்டு. ஆனால் ஊரார் கொடுக்கும் கை மெல்ல மடங்கிற்று. அரசினர் தருகின்றனர், நாம் தருவது எதற்கு என்னும் எண்ணம் புகுந்தது. 1960-ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி பெற்ற பள்ளிகளை அரசினர் தாமே ஏற்றபோது, மேற்றரப் பள்ளிகள் விரும்பின் தனித்து நிற்கலாம் என்று ஒரு வழி விடப்பட்டது. ஆயின் அரசினர் உதவியும் இல்லை, சம்பளமும் வாங்கலாகாது. நிலைப்பொருள் உடையார்க்கன்றி அவ்வழி செல்லுதல் இயலாது. கிறித்தவக் கல்லூரிகள் சில அவ்வழி நின்றன. சைவப்பள்ளிகளுட் பெரும்பாலன அரசின்கீழ்ச் சென்றன. சங்கத்தார் நாற்பதாண்டளவில் எழுப்பிய பள்ளிகள் அவர் கைவிட்டு நீங்கின.

இஃது அரசினர் குற்றம் என்று மாத்திரம் கூறி அமைதல் நேரிதன்று. அரசின்கீழ்ச் சென்ற பள்ளிகளிற் பல இன்றும் நல்லாசிரியரோடு நடைபெறுகின்றன. அறியவேண்டுவது வேறொன்று. ஆண்டுதோறும் வரும் உதவியைக் கொண்டு ஆண்டுச் செலவை நிரப்பிய பள்ளிகள், அவ்வுதவி தருவார் கருத்து மாறியபோது தாமும் மாறின. வட்டுக்கோட்டையில் பாஸ்டன் சபையாரால் நிகழ்ந்ததும், பின்னர் அரசினரால் நிகழ்ந்ததும் தன்மையால் ஒன்றே. எண்ணாயிரத்தார் செலவை அளந்து நிலத்தை விட்டனர். பின்னாளில் வந்தோர் வரவைக் கண்டு செலவை அளந்தனர். முன்னதற்கு நிலைபேறு; பின்னதற்கு நிலையாமை.

கோயில் திருப்பணிக்கும் கோபுரத்திற்கும் பெரும்பொருள் வழங்குவார் இக்காலத்தும் உளர். அக்கோயிலின் வீதியில் சிறார்க்குச் சமயபாடம் சொல்லும் அறநெறிப் பாடசாலை ஆசிரியரோ பெரும்பாலும் கைப்பொருள் இன்றி உழைக்கின்றனர். திருப்பணிக் கணக்கு எழுதும்போதே, ஓராசிரியரது ஊதியத்திற்குரிய நிலைப்பொருளும் அக்கணக்கில் ஒரு வரியாக எழுதப்படுமாயின், கோபுரத்தின் நிழலில் தேவாரம் ஓதுவார் என்றும் குறையார். நாவலர் சம்பளத்தைத் துறந்து தொடங்கிய அறத்திற்கு, பின்வந்தோர் சம்பளத்தை அமைத்துக் கொடுத்தலே தக்க கைம்மாறு ஆகும். திருவருள் முன்னிற்க.