மைல் கணக்கும் புல எண்ணும்: பெரியாறு–வைகைப் பாசன ஆவணங்களை இடம் வழியாகத் தேடுதல்

பாசனப் பொறியியல் ஆவணங்கள் என்றவுடன் பெரிய துணித்தாளில் வரைந்த நிலப்படமே நினைவுக்கு வரும். உண்மையில் அது அவற்றின் சிறு பகுதியே. கால்வாயின் நீள்வெட்டுப் படம், குறுக்குவெட்டுப் படம், மதகின் விவரப்படம், மதிப்பீடு, அளவுப் புத்தகம், நிறைவு அறிக்கை, ஏரி விவரக் குறிப்பேடு, கடிதக் கோப்பு ஆகியவை சேர்ந்ததே அத்தொகுதி. இவை அலுவலகம், ஆண்டு, பொருள் என்ற வரிசையில் அடுக்கப்பட்டவை. ஆனால் இவற்றைத் தேடி வருபவரின் கேள்வி பெரும்பாலும் ஓர் இடத்தைப் பற்றியது: இந்த மதகின் அடித்தளம் எந்த ஆழத்தில் இருக்கிறது, இந்த வரத்துக்கால் முன்பு எவ்வழியே ஓடியது, இந்தக் கரை எப்போது உயர்த்தப்பட்டது. ஆவணத்தின் அடுக்குமுறைக்கும் கேள்வியின் வடிவுக்கும் உள்ள இப்பொருந்தாமையை, தாள்களை ஒளிவருடி எடுத்துக் கணினியில் ஏற்றுவதால் மட்டும் தீர்க்க முடியாது.

பெரியாறு–வைகைப் பாசன அமைப்பு இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. பெரியாற்றில் அணை கட்டத் திருவிதாங்கூர் அரசுடன் 1886இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் பென்னிகுக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணை வேலை முடிந்து, 1895இல் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பியது. அந்நீர் வைகையில் கலந்து, பேரணையில் பெரியாறு பிரதான கால்வாயாகப் பிரிந்து மேலூர்ப் பக்கம் செல்கிறது. அன்று மலைக்குக் கிழக்கே இருந்த வேலைகள் அனைத்தும் ஒரே மதுரை மாவட்டத்தின் கணக்கில் அடங்கின. 1985இல் திண்டுக்கல் மாவட்டமும் 1996இல் தேனி மாவட்டமும் பிரிந்தன. அணை நிற்கும் இடம் இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டம்; அதை இயக்குவது தமிழ்நாடு. 1950களில் கட்டப்பட்டு 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை, இடைவழி நீரோட்டத்தின் கணக்கையே மாற்றியது. ஆகவே ‘மதுரை மாவட்டம்’ என்ற சொல்லைக் கொண்டு தேடுபவர் ஒரு நூற்றாண்டின் கோப்புகளில் பொருந்தாதவற்றையும் அள்ளுவார், வேண்டியவற்றையும் தவறவிடுவார். நிருவாக எல்லையை இடத்தின் பெயராகக் கொள்ளும் எந்தப் பட்டியலுக்கும் இக்கதி நேரும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, பழைய படங்களைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திவிடுவது. கண்ணுக்கு விருந்தான வேலைதான். நிதி கேட்கும்போது காட்டவும் உதவும். ஆயினும் தொடக்கம் அங்கே இருக்கக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அக்காலப் பொறியாளரும் நில அளவையரும் இடம் குறிக்காமல் எதையும் எழுதவில்லை. கால்வாய்க்கு மைல் கணக்கு, நிலத்துக்குப் புல எண், உயரத்துக்கு மட்டக்குறி என ஒவ்வொரு தாளிலும் முகவரி இருக்கிறது. அம்முகவரி முறைகள் இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகையாக மொழிபெயர்க்கப்படவில்லை, அவ்வளவே. அம்மொழிபெயர்ப்புக்கான அட்டவணைகளே முதலில் உருவாக வேண்டியவை. ஒரு நல்ல அட்டவணை ஆயிரக்கணக்கான தாள்களை ஒரே நேரத்தில் இடத்தில் நிறுத்தும். படத்தைப் பொருத்தும் வேலை ஒரு சமயத்தில் ஒரு தாளையே நிறுத்தும்.

கால்வாய் ஆவணங்களின் முகவரி அதன் தலைப்பிலிருந்து அளந்த தூரம். ‘5 மைல் 3 ஃபர்லாங்கில் உள்ள கீழ்ப்பாலம்’ என்பதே கோப்பின் நடை. எட்டு ஃபர்லாங் ஒரு மைல்; மைலுக்கு 5280 அடி. இதைப் புவியின்மேல் நிறுத்தக் கால்வாயின் மையக்கோட்டை வரைந்து, தலைப்பிலிருந்து கோட்டின் வழியே தூரத்தை அளந்தால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மைலிலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். நேராக்கப்பட்ட வளைவு, இடம் மாறிய தலைமதகு, சங்கிலி அளவையில் நேர்ந்த தளர்வு ஆகியவை அதற்குக் காரணம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் வந்தபின் கிலோமீட்டரில் புதிதாக அளந்த தூரம், பழைய மைல் கணக்கை வெறுமனே 1.609ஆல் பெருக்கிய தொகையுடன் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எனவே இடம் மாறாத கட்டுமானங்களான பழைய பாலம், கிளை வாய்க்கால் தலைப்பு, நீர்வீழ்ச்சி மேடை போன்றவற்றை நிலையான புள்ளிகளாகக் கொண்டு, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் தூரத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும். அப்போது பிழை அந்தத் துண்டுக்குள் அடங்கும். ஒவ்வொரு தூரக்கணக்குக்கும் அது எந்த ஆண்டின் அளவை என்ற குறிப்பும் தேவை.

புல எண் வேறு வகைச் சிக்கல். சென்னை மாகாணத்தில் 1858இல் தொடங்கிய வருவாய் நில அளவை, கிராமத்துக்குள் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. புலப்படத்தில் கற்களுக்கு இடையிலான தூரம் கண்டர் சங்கிலியின் கண்ணிகளில் இருக்கும்; 66 அடிச் சங்கிலிக்கு 100 கண்ணிகள், கண்ணி ஒன்று சுமார் 20 சென்டிமீட்டர். அத்தாளில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. புலத்தின் வடிவம் துல்லியம். அது உலகில் எங்கே இருக்கிறது என்பது அண்டைப் புலங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். புலங்களை ஒவ்வொன்றாக ஒட்டவைத்துக்கொண்டு போனால் கிராமத்தின் மறுகோடியில் பிழை பெருகி நிற்கும். எனவே மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் நட்ட எல்லைக் கற்களை இன்றைய கருவிகளால் அளந்து, அவற்றுக்குள் புலங்களை அடக்குவதே முறை.

அதைவிடக் கடினமானது எண்ணின் வரலாறு. மறு அளவையில் எண்கள் மாறின. பாகப்பிரிவினையில் உட்பிரிவுகள் பெருகின. 1979க்குப் பின் நடந்த நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. வைகையின் கீழ்ப்பகுதியில் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன் நிலங்களில் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய ஆவணங்கள் பைமாஷ் எண்ணையே சொல்லும். அது வேறு வரிசை. ஆகவே ‘புல எண் 112’ என்பது தனியே ஓர் இடமன்று. கிராமம், எண், எந்த அளவையின் எண் என்ற மூன்றும் சேர்ந்ததே இடம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பட்டியல் கிடைக்கும் கிராமங்களில் அதைத் தட்டெழுதிச் சேர்ப்பது, ஆயிரம் வரைபடங்களை வண்ணத்தில் ஒளிவருடுவதைவிடப் பயன் மிக்கது. சலிப்பூட்டும் வேலை என்பதாலேயே அது எப்போதும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

இந்த அட்டவணைகளுக்குப் பிறகே படங்களின் முறை. இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்கப் படங்களில் தாளின் எண்ணே முகவரி. 4 பாகைக்கு 4 பாகைச் சதுரம் ஓர் எண்; அதன் பதினாறு கூறுகள் ஆங்கில எழுத்துகள்; ஒவ்வொரு கூறும் மறுபடி பதினாறு தாள்கள். மதுரை நகரம் 58 கே/1 தாளில் விழும்; பேரணை 58 எஃப்/16இலும் மேலூர் 58 ஜே/8இலும் விழும். கோப்பு ஒன்றில் தாள் எண் மட்டும் எழுதியிருந்தாலும் அதைக் கால் பாகைச் சதுரத்துக்குள் நிறுத்திவிடலாம். 2005ஆம் ஆண்டு தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் வேறு எண்முறையில் இருப்பதால், இரண்டுக்கும் ஒப்புமை தேவை.

தாளுக்குள் நுழைந்தால் வேறு கண்ணிகள் உண்டு. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியின் இடங்காட்டி டபிள்யூஜிஎஸ் 84ஐப் பயன்படுத்துகிறது. இரண்டிலும் ஒரே அட்சரேகையும் தீர்க்கரேகையும் மதுரைப் பகுதியில் ஏறத்தாழ 200 மீட்டர் விலகிய இரு இடங்களைக் குறிக்கும். மதகு ஒன்றைத் தேடிப் போகிறவர் பக்கத்து வாய்க்காலில் போய் நிற்க இது போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைக்குக் கொள்ளப்பட்ட பழைய மதிப்பால் இன்னொரு பிழையும் உண்டு. அது சுமார் 2 கலை 27 விகலை. இந்த அட்சரேகையில் நாலரைக் கிலோமீட்டர் அளவு. இதை அறியாதவர் படத்தையே குறை சொல்வார்.

கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குல அளவில் வரையப்பட்டவை. தாளில் 1 மில்லிமீட்டர் நிலத்தில் 4 மீட்டர். பேனாக் கோட்டின் தடிப்பே ஒரு வண்டிப்பாதை அகலம். காகிதம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரிச் சுருங்காது என்பதால் அளவுகோல் பட்டையையும் தாளோடு சேர்த்தே ஒளிவருட வேண்டும். பொருத்தும் புள்ளிகளாகக் கோயில் கோபுரம், பழைய அணைக்கட்டு, கல் மதகு ஆகியவை ஏற்றவை. ஆற்றங்கரையும் சாலை வளைவும் ஏற்றவை அல்ல. எல்லாப் புள்ளிகளும் சரியாக உட்காரும்வரை படத்தை ரப்பர் போல இழுத்து வளைக்கும் கணித முறைகள் மென்பொருளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பொறியியல் படங்களுக்குப் பயன்படுத்துவது சான்றை அழிப்பதற்குச் சமம். அவை பிழையைப் போக்குவதில்லை, பார்வையிலிருந்து மறைக்கின்றன. சுழற்சி, அளவு, இடப்பெயர்ச்சி என்ற எளிய மாற்றத்துக்குமேல் போகாமல், எஞ்சும் பிழையை மீட்டரில் எழுதி வைப்பதே நேர்மை.

சில படங்களைப் பொருத்தவே கூடாது. மதகின் விவரப்படத்துக்குப் புவியில் ஒரு புள்ளி போதும். மாதிரி வடிவமைப்புப் படத்துக்கு அதுவும் இல்லை. திட்டமிட்டுக் கட்டப்படாமல் போன வாய்க்காலின் படம், கட்டியபின் அளந்து வரைந்த படத்தைப் போலவே அழகாக இருக்கும். ‘முன்மொழிவு’, ‘அனுமதிக்கப்பட்டது’, ‘கட்டியபடி’ என்ற நிலைக்குறிப்பு இல்லாமல் இவற்றை ஒரே படலத்தில் காட்டினால், இல்லாத கால்வாய்க்குச் சான்று உண்டாகிவிடும். அது நீதிமன்றம் வரை போகக்கூடிய தவறு.

உயரமும் ஒரு முகவரியே. முல்லைப் பெரியாறு பற்றிய செய்திகளில் வரும் 136, 142, 152 அடி என்பவை அணையின் அளவுகோலில் காணும் நீர்மட்டம். கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் அல்ல. சென்னை மாகாண ஏரிகளை முறையாக அளந்து சீரமைக்க 1883இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தின் வழிவந்த குறிப்பேடுகளிலும், மதகின் அடிமட்டம் 100 எனத் தற்காலிகமாகக் கொண்டு கலிங்கு, கரை, முழுக்கொள்ளளவு மட்டங்களைச் சொல்லும் முறை உண்டு. இரு ஏரிகளின் மட்டங்கள் ஒரே எண்ணில் இருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் பாயும் என்று கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு மட்டத்துடனும் அதன் ஆதாரக் குறி எது, அக்குறி இன்றும் நிற்கிறதா என்பதும் பதிவாக வேண்டும்.

தேடல் அமைப்பு எப்படி இயங்கவேண்டும் என்பது இவற்றிலிருந்தே வரும். நூலகப் பட்டியல்கள் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு சூழ்செவ்வகத்தை இடமாகக் கொள்வது வழக்கம். பெரியாறு அணை, பேரணை, மேலூர் மூன்றையும் அடக்க ஒரு செவ்வகம் வரைந்தால் அதில் உசிலம்பட்டியும் மதுரை நகரமும் விழும். மலைக்கு அப்பால் பெரியாற்று நீருக்குத் தொடர்பே இல்லாத வத்திராயிருப்பும் விழும். கால்வாய்க்கு இடம் ஒரு கோடு. ஏரிக்கு ஒரு பலகோணம். மதகுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொன்றையும் சுற்றி அதன் ஐயப்பாட்டின் அகலமும் சேர வேண்டும். கிராமம் மட்டும் தெரிந்த கோப்பைக் கிராமத்தின் நடுப்புள்ளியில் குத்தி வைப்பது பொய்த் துல்லியம். முழுக் கிராமத்தையும் அதன் இடமாகக் கொள்வதே சரி.

வரிசைப்படுத்தலும் கவனத்துக்குரியது. மாவட்டம் முழுவதையும் காட்டும் படம் எந்த மதகைத் தேடினாலும் முன்னால் வந்து நிற்கும். தேடிய பரப்பும் ஆவணத்தின் பரப்பும் எந்த அளவுக்கு ஒத்த பருமனில் இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு ஆவணத்தை மேலே ஏற்றினால் இத்தொல்லை குறையும். பெயர்களுக்கு ஓர் ஒப்புமைப் பட்டியல் வேண்டும்: ‘மெஜுரா’, ‘மதுரா’, ‘மதுரை’ என ஆங்கில எழுத்துக்கூட்டலில் வந்த வடிவங்கள் ஒருபுறம், கண்மாய்க்கரையில் மட்டும் வழங்கும் மடைப் பெயர்கள் மறுபுறம். பின்னவை பெரும்பாலும் எந்தக் கோப்பிலும் இல்லை. மடை திறக்கும் நீர்க்கட்டிகளும் கால்வாய் லஸ்கர்களும் அறிந்தவை அவை. அவர்களோடு ஒருமுறை கரை நடந்து பெயர்களைக் குறித்துக்கொள்வது அறிவார்ந்த களப்பணி. அதை ஓர் ஒப்பந்ததாரரின் தரவுப் பதிவு வேலையாகக் கொள்ளக்கூடாது.

ஆள்பலம் போதாது என்ற தடைக்குப் பதில் உண்டு. பிரிட்டிஷ் நூலகம் 2012 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு பழைய நிலப்படங்களை இணையத்தில் பொருத்தி வந்திருக்கிறது. நிலப்படத் தாள்களுக்கு அம்முறை பொருந்தும். நீள்வெட்டுப் படத்தையும் மட்டக்குறியையும் படிக்கப் பயிற்சி வேண்டும் என்பதால், அவற்றைப் பணி ஓய்வு பெற்ற பொறியாளர்களிடமும் நில அளவையர்களிடமும் ஒப்படைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

எஞ்சுவது அணுக்கம். 2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் புவிசார் தரவுகள்மீதான பழைய கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தின. ஆனாலும் அணையின் உள்கட்டமைப்புப் படம், மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் உள்ள ஆவணம், பட்டாதாரரின் பெயர் தாங்கிய பதிவேடு ஆகியவற்றை எல்லாருக்கும் திறந்துவிட முடியாது. இதைக் காரணம் காட்டி முழுத் தொகுதியையும் பூட்டிவைக்கத் தேவையில்லை. ஆவணம் இருக்கிறது, இன்ன இடத்தைப் பற்றியது, இன்ன ஆண்டினது, இன்ன அலுவலகத்தில் உள்ளது என்ற விவரக்குறிப்பைப் பொதுவில் வைத்து, தாளின் உருவத்தை மட்டும் அனுமதி பெற்றுப் பார்க்கச் செய்யலாம். ஒரு வாய்க்காலின் மைல் கணக்கில் இரகசியம் எதுவும் இல்லை. அந்த எண்ணை உள்ளிட்டவருக்கு எந்தக் கோப்பை, எந்த அலுவலரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.