குதுபிய்யா மிம்பர்

மெல்லிய எலும்புத் துண்டுகளையும் பன்னிற மரத்துண்டுகளையும் மரத்தின்மேல் பதித்து வடிவியல் கோலம் சமைக்கும் கலையின் சிகரமாக நாம் கருதுவது மர்ராகுஷின் குதுபிய்யா மிம்பரையே. முராபித்து மன்னர் அலீ இப்னு யூசுஃபின் ஆணைப்படி, ஹிஜ்ரி 532 (கி.பி. 1137) முஹர்ரம் மாதம் குர்துபாவில் இதன் பணி தொடங்கிற்று. பதிக்கப்பட்ட துண்டுகள் ஏறத்தாழ 13 இலட்சம் என மதிப்பிடுகின்றனர்.

1147-இல் மர்ராகுஷைக் கைப்பற்றிய முவஹ்ஹிதுகள், முராபித்துகளின் ஜும்ஆப் பள்ளியை ஏற்காது புதியதோர் பள்ளியை எழுப்பினர். ஆயினும் பகைவரின் மிம்பரை எரித்தாரில்லர். தம் பள்ளியிலேயே நிறுவி, அதன்மீதே குத்பா நிகழ்த்தினர். 1996-97-இல் செப்பனிடப்பெற்ற அம்மிம்பர் இன்று பதீஃ அரண்மனையில் காட்சிப் பொருளாக உள்ளது.

வென்றவர்கூடப் போற்றிக் காத்த கைத்திறன் இது. பழைய பள்ளிகளைப் புதுப்பிக்க முனையும் நாம், அங்குள்ள மரவேலைகளைக் கழித்தொதுக்குமுன் இவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.