மறக்கப்பட்ட தமிழ் நூல்கள்: காத்தவர்களும் காக்க வேண்டியவையும்

தமிழில் அச்சேறிய நூல்களில் கணிசமானவை முதற்பதிப்போடு நின்றுபோனவை. அவற்றை எழுதியவர்களில் பலரது பெயர் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறவில்லை. மலிவான தாள், கறையான், ஈரம், பழைய தாள் கடை ஆகியவை எஞ்சிய பிரதிகளையும் குறைத்துவிட்டன.

இந்நூல்களில் ஒரு பகுதி தப்பியதற்கு அரசின் ஆணையும் ஒரு காரணம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1867ஆம் ஆண்டு நிறைவேறிய பத்திரிகைகள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. அச்சகங்களைக் கண்காணிக்கவும் இச்சட்டம் பயன்பட்டது. எனினும், பிற்கால ஆய்வாளர்களுக்கு அதுவே உதவியாக அமைந்தது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இன்று பழந்தமிழ் அச்சு நூல்கள் பல உள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தமிழ் நூல்களுக்கு பார்னெட், போப் ஆகியோர் தயாரித்த பட்டியல் 1909இல் வெளியானது.

தனிமனிதர் ஒருவரின் உழைப்பு

அரசு நூலகங்கள் பொருட்படுத்தாதவற்றைத் தனிமனிதர்கள் சேர்த்தனர். செட்டிநாட்டின் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களுடன் நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றையும் அவர் திரட்டினார். 1992இல் அவர் காலமான பின்னர் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது.

இலங்கையின் அனுபவம் வேறானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் சேர்த்து வைப்பது போதாது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் ஆவணப்படுத்தி வருகிறது.

பதிப்புரிமைச் சிக்கல்

மறக்கப்பட்ட எழுத்தாளர் என்பதே மறுபதிப்புக்குத் தடையாகிறது. ஆசிரியர் இறந்தபின் இந்தியாவில் 60 ஆண்டுகளும், இலங்கையில் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. ஆசிரியர் மறைந்த ஆண்டோ, வாரிசுகளின் முகவரியோ தெரியாதபோது யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்வி எழுகிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கும் நூல்களுக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால் அச்சலுகை பெரும்பாலும் அறியப்பட்ட பெயர்களுக்கே கிட்டுகிறது.

அடுத்த இழப்பு புலம்பெயர் வீடுகளில் நிகழக்கூடும். பெட்டிகளில் கொண்டுவந்த நூல்களும், இங்கேயே சிறு எண்ணிக்கையில் அச்சிட்ட மலர்களும் சஞ்சிகைகளும் மூத்த தலைமுறையினரிடம் உள்ளன. தமிழ் வாசிக்காத பிள்ளைகளுக்கு அவை இடத்தை அடைக்கும் தாள்கள் மட்டுமே. பெரியவர்கள் இருக்கும்போதே எந்த நூல் எங்கிருந்து வந்தது, எழுதியவர் யார் என்பதைக் குறித்து வைப்பதும், அகற்றுமுன் ஓர் ஆவணக் காப்பகத்திடம் கேட்பதும் செலவில்லாத காரியங்கள். அந்த வீட்டில் இருப்பது அந்நூலின் கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.