கசியும் மலை, காத்திருக்கும் வயல்

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் மண் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நினைவு ஆறுவதற்குள், 1992 ஒக்டோபரில் சப்ரகமுவவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. பலாங்கொடைக்கு அப்பால், வளவை கங்கையின் குறுக்கே புதிதாக எழுந்த சமனலவெவ அணையில், வலது கரை மலைச்சரிவைப் பிய்த்துக்கொண்டு நீர் பீறிட்டது.

களிமண் நடுவும் கற்குவியல் புறமுமாகக் கட்டிய அணை உறுதியாகவே நின்றது. பழுது அதைத் தாங்கும் மலையில். உள்ளே சுண்ணாம்புக்கல் பொந்துகள். சீமெந்துக் குழம்பைச் செலுத்திப் பார்த்தார்கள். 1998இல் நீரின் மேலிருந்து களிமண்ணைக் கொட்டி அடியை மூட முயன்றார்கள். கசிவு நிற்கவில்லை.

ஆகவே பராமரிப்பு என்பது இங்கே காவல்தான். கசிவின் அளவை மட்டுமன்றி நிறத்தையும் பார்க்க வேண்டும்: தெளிந்த நீரானால் அச்சம் குறைவு, கலங்கினால் உள்ளே மண் அரிபடுகிறது. தேயிலைத் தோட்டத்துச் சிறு குளக்கட்டுக்கும் இதே சோதனைதான். அங்கே எலி வளையும் மரவேரும் கூடுதல் பகை.

விந்தை ஒன்று உண்டு. பொறியியலாளர் அடைக்க முயன்ற அதே கசிவு நீர்தான் கீழே கல்தொட்டை விவசாயிகளின் வயல்களுக்குப் பாய்கிறது.