தரங்கம்பாடிக்கு இரண்டு நாள்

இருவராய் இரண்டு நாள் தங்கிவர ஒரு பழைய கடலோர ஊர் வேண்டுமென்றால் பலரும் புதுச்சேரியையே சொல்வர். நாங்கள் தரங்கம்பாடியைத் தேர்ந்தோம். மயிலாடுதுறையிலிருந்து ஓடிய ரயில் 1986இல் நின்றுவிட்டது. இன்று சாலை வழியே செல்லவேண்டும்.

முதல் நாள் டேனியருக்கு. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620இல் அவர்கள் எழுப்பியது டேன்ஸ்போர்க் கோட்டை. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். நகரவாயிலைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால், 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தைக் காணலாம். 1706இல் இங்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1716இல் தாய்நாட்டில் மரியா டொரோத்தியாவை மணந்து அழைத்துவந்தவர், 1719இல் மறைந்தார். இவ்வூரில் அவர்களது இல்லறம் மூன்றாண்டும் நிறையவில்லை. தம்பதியராய்ச் செல்வோர் அக்கல்லறைமுன் சற்று நிற்கலாம்.

பெரும்பாலோர் இத்துடன் ஊர் திரும்பிவிடுகின்றனர். டேனியர் கண்டெடுத்த ஊர் இது என்ற எண்ணம் நிலைக்க அதுவே காரணம். கோட்டைக்கு வடக்கே, அலைகளின் விளிம்பில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. கோட்டைக்கு ஏறத்தாழ முந்நூறாண்டு மூத்தது. அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. குலசேகரன்பட்டினம் என்று அன்றே பெயர்பெற்றிருந்த ஊரைத்தான் நாயக்கர் டேனியருக்குத் திறந்துவிட்டார்.

ஆகவே இரண்டாம் நாளின் விடியலை அக்கோயிலுக்கென ஒதுக்கிவைத்தோம். ஓரிரவு தங்கினாலன்றி அது வாய்க்காது.