நூல் பிடித்துப் போனால்…

2000 மே 2 அன்று, ஜிபிஎஸ் சமிக்ஞையில் தான் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த சாமானியரின் கருவி, அன்றிரவே இடத்தைத் துல்லியமாகக் காட்டத் தொடங்கியது. மறுநாள் ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிட்டார். ஜியோகேச்சிங் இப்படித்தான் பிறந்தது.

இதில் பெட்டியே இல்லாத ஒரு வகையும் உண்டு. குறித்த இடத்தில் நேரில் நின்று பார்த்தால் மட்டுமே விடை தெரிகிற கேள்வி ஒன்று இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு இந்த வகைதான் தோது. தனிப் பாதை கிடையாது. லாரிக்கு ஒதுங்கித்தான் மிதிக்க வேண்டும்.

முதல் கேள்வி ராஜபாளையம் ரயில் நிலையத்தில்: மில் முதலில் வந்ததா, ரயிலா? ரயில்தான். விருதுநகர் – தென்காசி மீட்டர்கேஜ் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. கிழக்கே கரிசல் காட்டுப் பருத்திக்கும், மேற்கே செங்கோட்டை கணவாய் தாண்டிக் கொல்லத்துக்கும் நடுவில் இந்த ஊர் அமைந்துவிட்டது. அதே 1927 அக்டோபரில், கதர் நிதி திரட்டித் தமிழகம் சுற்றிய காந்தி ராஜபாளையம் வந்தார். பஞ்சை வெளியூருக்கு ஏற்றிவிடுகிற தண்டவாளமும், உள்ளூரிலேயே நூற்கச் சொன்ன ராட்டையும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

அடுத்த நிறுத்தம் காந்தி கலை மன்றம். பூ.ச.குமாரசாமி ராஜா ஊருக்கென்று கொடுத்த சொந்த வீடு இது. 1949-ல் சென்னை மாகாணப் பிரதமரானவர் அவர். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பதவி ‘முதலமைச்சர்’ ஆனது.

மூன்றாவது நிறுத்தம் மில் கேட். பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் நிறுவனமாகப் பதிவானது. மூன்றே ஆண்டில், இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939-ல், ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்ஸ் உருவானது. அதாவது, காந்தி வந்து போய் ஒன்பது ஆண்டுக்குள் இதே ஊர் நூற்பாலைக்கு மாறியது. கதர்க்காரர் குமாரசாமி ராஜா, மில்காரர் ராமசாமி ராஜா என்று இரண்டு ராஜாக்களையும் எதிரெதிரே நிறுத்திக் கதை சொல்வது சுலபம். ஆனால் மில்லும் தறியும் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. கைத்தறிக்கு, வளையமாகச் சுற்றிய சிட்டா நூல் வேண்டும். அது வருவதும் நூற்பாலையிலிருந்துதான். ஆலைகள் தம் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டா நூலாகத் தர வேண்டும் என்று அரசே விதி போட்டது அதனால்தான். ராட்டை பின்வாங்கிய இடத்தில் தறி பிழைத்திருக்க மில் தேவைப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் எல்லோரும் பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பதாகப் பலரும் சொல்லும் கோபுரம். கடைசிக் கேள்வியை நான் பென்னிங்டன் நூலகத்தில் வைப்பேன். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரில் 1875-ல் தொடங்கிய பொது நூலகம். அப்போது இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறி, 1985-ல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. மூன்று மாவட்டங்களின் ஆவணங்களில் சிதறிக் கிடக்கும் வட்டாரத்தின் கதையைத் தேடுகிறவர், ஜில்லா மாறியும் இடம் மாறாத இந்த நூலகத்திலிருந்து தொடங்கலாம். கேள்வி இது: ரயிலுக்கு அரை நூற்றாண்டு முன்பே பொது நூலகம் கண்ட ஊரை விட்டு, ஆலைகள் ஏன் ராஜபாளையத்தில் பெருகின? என் விடை: ரயில் இரண்டு ஊருக்கும்தான் வந்தது, மில் வைக்கத் துணிந்தவர்கள் ராஜபாளையத்தில் இருந்தார்கள்.

அந்த மில்கள் நூற்ற நூல் கேட்டைத் தாண்டி எங்கே போனது? அடுத்த வாரம் சத்திரப்பட்டிக்குப் போவோம். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் அங்கேதான் ஓடுகின்றன.

(தொடரும்)